சாவிக்கொத்தும் வவ்வாலும்

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்குங்கள். கிலுகிலுவென்று கேட்கிறதல்லவா? அதோடு சேர்ந்து நம் காதுக்கு எட்டாத சத்தமும் அதிலிருந்து வருகிறது. வவ்வால் போடும் அந்த மாதிரிச் சத்தத்தைப் பிடிக்கிற வவ்வால் மைக் புதிதாகக் கைக்கு வந்தால், வேலை செய்கிறதா என்று பார்க்க நான் முதலில் அதன் முன்னால் சாவியைத்தான் குலுக்குவேன்.

மனிதக் காதுக்கு எல்லை 20 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு இருபதாயிரம் அதிர்வு, அதுவும் இளவயதில். பூச்சி தின்னும் வவ்வால்கள் பெரும்பாலும் அதற்கு மேலேதான் கத்துகின்றன. 1938இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் டொனால்ட் கிரிஃபின் என்ற மாணவர், இயற்பியல் பேராசிரியர் பியர்ஸ் செய்து வைத்திருந்த கருவி முன்னால் கூண்டோடு வவ்வால்களைக் கொண்டுபோய் வைத்தார், அப்போதுதான் அந்தச் சத்தம் பிடிபட்டது. இன்றைக்கு அதே வேலையைச் செய்யும் மைக் கட்டைவிரல் அளவில், போனில் செருகுகிற மாதிரி வந்துவிட்டது.

கேட்க இரண்டு வழி. வவ்வால் 47 கிலோஹெர்ட்ஸில் கத்துகிறது, நீங்கள் கருவியை 45இல் வைத்திருக்கிறீர்கள் என்றால், இடைப்பட்ட 2 கிலோஹெர்ட்ஸ் அப்போதே காதில் விழும். இல்லையென்றால் பதிவுசெய்து பத்து மடங்கு மெதுவாக ஓட்டலாம், 50 என்பது 5 ஆகிவிடும். பதிவு இடத்தை விழுங்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்: சத்தத்தை நொடிக்கு 3,84,000 முறை அளந்து பதிந்தால் நிமிடத்துக்கு 46 எம்பி, 32 ஜிபி கார்டு பதினொன்றரை மணி நேரத்தில் நிரம்பிவிடும்.

ஆலமரத்தில் தலைகீழாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வவ்வாலைப் பதிவுசெய்யலாமா என்று கேட்பார்கள். அது கண்ணையும் மூக்கையும் நம்பிப் பறக்கிற ஜாதி, பூச்சி தின்னும் வவ்வாலைப் போல எதிரொலி வைத்து வழி தேடுவதில்லை. அது போடுகிற கூச்சலுக்கு இந்த மைக்கே தேவையில்லை, நம் காது போதும்.

என்ன மைக் வாங்கலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், எங்கே கட்டலாம் என்று ஒருவரும் கேட்பதில்லை. முதல் தடவை நான் குளத்துக்கரையில் எல்இடி விளக்குக் கம்பத்தில் கட்டினேன், விளக்குக்குள் இருக்கும் மின்சுற்றின் இரைச்சல்தான் இரவு முழுக்கப் பதிவானது. இடம் மாற்றினால் மழை. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டே, கருவி நனையக் கூடாதென்று மைக்கோடு சேர்த்துப் பாலிதீன் பையால் மூடிவிட்டேன், ஒரு வவ்வால்கூட இல்லை. அப்புறம்தான் புரிந்தது, அவ்வளவு உச்சத்தில் இருக்கிற சத்தத்தை மெல்லிய பையே மறித்துவிடும். பெட்டியை மூடலாம், மைக்கின் வாயை மூடக்கூடாது. செடி கொடி உரசாத திறந்த இடம், கொஞ்சம் உயரம், மைக்கைச் சற்றுச் சாய்த்துக் கட்டினால் தண்ணீர் தங்காது, சரி, அவ்வளவுதான் வித்தை.

குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டக் குளத்தில் விடியற்காலை நாலு மணிக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன். பால் வெட்ட வந்தவர் நெற்றியில் விளக்கோடு நின்று, “சார், காதுல என்ன?” என்றார். கொடுத்தேன். டக்... டக்... டக் என்று நிதானமாக வந்துகொண்டிருந்தது, திடீரென்று நெருங்கி நெருங்கி, ப்ர்ர்ர்ட்!

“இது எதுக்க சத்தம்?”

“வாவலுக்க சத்தம்தான். பூச்சிய நெருங்குதுல்லா, அதான் வேகமாக் கத்துது.”

நெற்றி விளக்கை அணைத்துவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் முதல் மரத்தில் பால் வெட்டும்போது மணி ஐந்து.