கட்சிக்குள் நடக்கும் சண்டை ஊரறிய நடக்கட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கில் கூடியிருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்துவது பிரைமரி. அந்தக் காலத்தில் இணையக் குழுக்களில் நடக்கும் விவாதம் வாக்காளருக்குத் தருவது தெளிவா, குழப்பமா? இதுதான் இன்றைய தலைப்பு. தெளிவுதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் 2004 தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்ட ஹோவர்ட் டீனில் ஆரம்பித்தார். 2003-ல் இணையத்தைத் திறந்தால் டீன் பேச்சுதான். ஒரே விருப்பம் உள்ளவர்களை நேரில் கூட வைக்கும் மீட்டப் தளம் வழியாக ஊர் ஊராக ஆள் சேர்ந்தது. 2004 ஜனவரியில், அந்த ஆண்டு முதலில் ஓட்டு நடந்த அயோவா மாநிலத்தில் பார்த்தால் 18 சதவீதத்தோடு மூன்றாம் இடம். "இணையத்தை நம்பியவர்கள் ஏமாந்தார்கள்" என்று முடித்துவிட்டார். கணக்கு சரி. ஆனால் யார் ஜெயிப்பார் என்று ஆரூடம் சொல்வதா அந்தக் குழுக்களின் வேலை? அவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். 2002 அக்டோபரில் இராக் போருக்கு அதிகாரம் தரும் தீர்மானத்துக்கு, டீனோடு போட்டியிட்ட கெர்ரி ஓட்டுப் போட்டார், எட்வர்ட்ஸ் போட்டார், கெப்ஹார்ட் போட்டார். ஏன் போட்டீர்கள்? கட்சியின் பெரிய தலைகள் பேசத் தயங்கிய விஷயத்தை டீனின் ஆட்கள் விடாமல் பேசினார்கள். டீன் தோற்றார், கேள்வி தோற்கவில்லை. 2008-ல் ஹிலாரி கிளிண்டன் ஒவ்வொரு மேடையிலும் அதே ஓட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்து, இந்த அரங்கில் இருப்பவர்கள் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டிய விஷயம். இங்கே அமெரிக்காவில் குடியுரிமை வாங்கி ஓட்டுப் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். தாத்தா காலத்திலிருந்து ஒரே கட்சி என்கிற பரம்பரை நமக்கு இங்கே கிடையாது. நம்மூர் மாவட்டம் போன்ற கவுண்டியின் கட்சிக் கமிட்டியில் யார் இருக்கிறார்கள் என்றும் தெரியாது. பிரைமரி விதிகளோ மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் அங்கே பிரைமரி ஏப்ரல் 19. ஏற்கெனவே எந்தக் கட்சியிலும் சேராமல் வாக்காளராகப் பதிவு செய்திருந்த ஒருவர் அதில் ஓட்டுப் போட வேண்டுமானால், கட்சியைக் குறித்துக் கொடுக்கக் கடைசி நாள் 2015 அக்டோபர் 9. ஆறு மாதத்துக்கும் மேலே முன்னால்! வேட்பாளர்களின் பெயரே பலருக்கு மனதில் பதியாத நேரம் அது. டொனால்ட் டிரம்ப்பின் சொந்தப் பிள்ளைகள் இவாங்காவும் எரிக்கும் அந்தத் தேதியைத் தவறவிட்டு, அப்பாவுக்கு ஓட்டுப் போட முடியாமல் நின்றார்கள். வேட்பாளர் வீட்டிலேயே இந்த நிலைமை என்றால், டாக்ஸி ஓட்டுகிறவருக்கும் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கும் யார் சொல்வது? ஜனநாயகக் கட்சியில் ஹிலாரியை எதிர்த்து நின்ற பெர்னி சாண்டர்ஸின் ஆதரவாளர்கள் ரெட்டிட் என்ற விவாதத் தளத்தில் மாநிலம் மாநிலமாக விதிகளைத் திரட்டி, எங்கே எந்தத் தேதி, எந்தப் படிவம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சம்பளம் வாங்காமல் செய்தார்கள். இதற்குப் பெயர் குழப்பமா நடுவர் அவர்களே?

அயோவா காகஸையும், அதாவது பிரைமரிக்குப் பதில் கட்சிக்காரர்கள் ஊர்தோறும் கூடி நடத்தும் தேர்வையும், சொல்லிவிடுகிறேன். 2020 வரை ஜனநாயகக் கட்சியின் காகஸில் பொதுவாக ஒரு வேட்பாளருக்கு அறையில் 15 சதவீத ஆதரவு கிடைக்காவிட்டால், அவருடைய ஆட்கள் வேறொருவர் பக்கம் போகலாம் என்று இருந்தது. அதனால்தான் குழுக்களில் "உங்கள் இரண்டாவது விருப்பம் யார்?" என்று கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் மற்ற வேட்பாளர்களின் கொள்கையையும் படித்தே ஆக வேண்டியிருந்தது.

பணம் பற்றி ஒரு வார்த்தை. 2016-ல் ஒருவர் ஒரு வேட்பாளருக்குப் பிரைமரியில் தர முடிந்த அதிகபட்சத் தொகை 2,700 டாலர். சாண்டர்ஸ் மேடைக்கு மேடை சொன்ன சராசரி நன்கொடை 27 டாலர். முழுத் தொகையையும் ஒரே விருந்தில் கொடுத்தவரிடம் மறுபடி கேட்க முடியாது. 27 கொடுத்தவரிடம் அடுத்த மாதமும் கேட்கலாம். அவர் கொடுப்பாரா மாட்டாரா என்பது, இடைப்பட்ட நாட்களில் வேட்பாளர் என்ன பேசினார் என்பதைப் பொறுத்தது. வேட்பாளரின் கடிவாளம் சாதாரண ஆளின் கைக்கு வருவது இப்படித்தான்.

சரி, இணையக் குழுக்களில் கொட்டும் வசவுக்கு வருகிறேன். 2020 ஜனவரியில், அதே கட்சியில் வேட்பாளராகப் போட்டியிட்ட எலிசபெத் வாரனுக்கும் சாண்டர்ஸுக்கும் ஒரு பழைய சந்திப்பில் யார் என்ன சொன்னார்கள் என்று தகராறு வந்தபோது, சாண்டர்ஸ் ஆதரவாளர்கள் வாரனின் இணையப் பக்கமெங்கும் பாம்புப் படமாகக் கொட்டினார்கள். அசிங்கம். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். பிப்ரவரியில் லாஸ் வேகாஸ் விவாத மேடையில், "உங்கள் ஆதரவாளர்கள் ஏன் இப்படி?" என்ற கேள்விக்கு நாடே பார்க்க சாண்டர்ஸ் பதில் சொல்ல வேண்டி வந்தது. ஒரு தலைவர் தன் ஆட்களை எப்படி நடத்துகிறார் என்பது வாக்காளருக்குத் தெரிய வேண்டாமா? மூடிய அறைக்குள் நடந்திருந்தால் தெரிந்திருக்குமா?

அமெரிக்காவில் ட்விட்டர் பயன்படுத்தியவர்களில் பத்து சதவீதம் பேர்தான் எண்பது சதவீதப் பதிவுகளை எழுதினார்கள் என்று பியூ ஆய்வு நிறுவனம் 2019-ல் சொன்னதையும் எதிரணி வாசித்தது. உண்மைதான். ஊர்க்கூட்டத்திலும் நாலு பேர்தான் பேசுவார்கள். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் முடிவெடுக்கிறவர்கள் மற்றவர்கள்.

கடைசியாக 2008 ஏப்ரல் 6. சான் பிரான்சிஸ்கோவில் ஒபாமாவுக்கு நிதி திரட்டும் கூட்டம். செய்தியாளர்களுக்கு அனுமதி இல்லை. உள்ளே மேஹில் ஃபௌலர் என்ற அம்மையார் இருந்தார். ஒபாமாவுக்கு நன்கொடை கொடுத்தவர், அவருடைய ஆதரவாளர். ஹஃபிங்டன் போஸ்ட் தளத்தில் பொதுமக்களே தேர்தல் செய்தி எழுதும் திட்டத்தில் எழுதிக்கொண்டிருந்தவர். வேலை பறிபோன பென்சில்வேனியாச் சிற்றூர்க்காரர்கள் கசந்துபோய்த் துப்பாக்கியையும் மதத்தையும் பற்றிக்கொள்கிறார்கள் என்று ஒபாமா அங்கே பேசியதை அவர் பதிவு செய்தார். உடனே வெளியிடவில்லை, சில நாள் தயங்கினார். தான் விரும்பும் வேட்பாளருக்கு அடி விழும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் எழுதினார். ஆதரவாளர்களே அவரைத் திட்டினார்கள். பென்சில்வேனியாவில் ஓட்டுப்பதிவு ஏப்ரல் 22. தங்களைப் பற்றி வேட்பாளர் வேறு ஊரில், வேறு ஆட்களிடம் என்ன சொன்னார் என்பதை அந்தச் சிற்றூர்க்காரர்கள் தெரிந்துகொண்டு ஓட்டுப் போடப் போனார்கள்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். செய்தியாளருக்குக் கதவடைத்த அந்த அறையில் பேசியது, வேறு எந்த வழியில் அவர்கள் காதுக்குப் போயிருக்கும்?

நன்றி, வணக்கம்.