தபுசேவுக்கு இல்லாத படிக்கட்டு

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், மாலைப் பயிற்சியை முடித்த கையோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

யூகி கவாமுரா என்ற ஜப்பானியக் கூடைப்பந்து வீரரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். உயரம் 172 சென்டிமீட்டர். நம் கணக்கில் ஐந்தடி எட்டு அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. இந்த மண்டபத்திலேயே அவரைவிட உயரமானவர்கள் பலர் இருக்கிறீர்கள். 2024 அக்டோபரில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் சீசன் தொடங்கியபோது அந்த லீக்கிலேயே உயரம் குறைந்த வீரர் இவர்தான்.

"உயரம் ஒரு தடையில்லை, உழைத்தால் நீங்களும் போகலாம்" என்று நான் பேசப்போவதாக நினைத்தால் மன்னிக்க வேண்டும். அந்தப் பேச்சில் எனக்கு நம்பிக்கை கிடையாது. காரணம், கவாமுராவுக்கு இருபது வருடம் முன்னால், அதே ஜப்பானில், ஏறக்குறைய அதே உயரத்தில், பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் அதே பாயின்ட் கார்டு இடத்தில் ஆடிய இன்னொருவர் இருந்தார். அவரும் உழைத்தார். பள்ளிக்கூட ஆட்டத்தில் கவாமுராவைவிடக் கூடுதலாகவே ஜெயித்தார். அவர் கதையைச் சொல்லாமல் இவர் கதையைச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

அவர் யூட்டா தபுசே. யோகோஹாமாவில் பிறந்தவர். ஜப்பானின் வடக்கே அகிதா மாநிலத்தில் நோஷிரோ என்று ஒரு ஊர். மரத் தொழிலுக்குப் பேர்போன சிறு நகரம். அங்கிருந்த தொழிற்கல்வி உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து அணியால்தான் அந்த ஊரை நாடே அறிந்தது. ஜப்பானியப் பள்ளிக்கூட விளையாட்டில் அன்று ஆண்டுக்கு மூன்று பெரிய போட்டிகள்: கோடையில் இன்டர்-ஹை, இலையுதிர் காலத்தில் தேசிய விளையாட்டு விழா, டிசம்பரில் வின்டர் கப். தபுசே படித்தது 1996 முதல் 1998 வரையிலான சீசன்களில். மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு மூன்று கோப்பை. ஒன்பதையும் நோஷிரோ அள்ளிக்கொண்டு போனது. ஒன்றைக்கூட விடவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பையன் எங்கே போவான்? இங்கேதான் சிக்கல். அன்றைக்கு ஜப்பானில் மேல்மட்டக் கூடைப்பந்து என்பது கம்பெனி அணிகள். டொயோட்டா, ஐசின், ஹிடாச்சி, இசுசு என்று பெரிய நிறுவனங்கள் அணி வைத்திருந்தன. வீரர்களில் பலர் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள். வியாபாரம் படுத்தால் முதலில் கலைக்கப்படுவது விளையாட்டு அணிதான். இசுசு 2002-இல் அப்படித்தான் கலைத்தது. தபுசே ஹவாயில் ஒரு சிறிய கல்லூரிக்குப் போனார். திரும்பி வந்து டொயோட்டாவுக்கு ஒரு சீசன் ஆடினார். அதையும் விட்டுவிட்டு மறுபடி அமெரிக்கா போனார். டல்லாஸின் கோடைக்கால லீக், டென்வரின் பயிற்சி முகாம், பிறகு லாங் பீச்சில் யாரும் அதிகம் கேள்விப்படாத ஒரு சிறு லீக் அணி என்று அலைந்தார். கடைசியில் 2004 நவம்பர் 3-ஆம் தேதி ஃபீனிக்ஸ் சன்ஸ் சட்டையோடு கோர்ட்டில் இறங்கி 7 புள்ளி எடுத்தார். என்பிஏ-வில் ஆடிய முதல் ஜப்பானியர். மொத்தம் நான்கு ஆட்டம். டிசம்பரில் விடுவித்துவிட்டார்கள்.

ஒன்பது கோப்பைக்கும் அந்த நான்கு ஆட்டத்துக்கும் நடுவே ஆறு வருடம். அந்த ஆறு வருடத்தில் ஒரு பாயின்ட் கார்டுக்குத் தேவையான ஒன்று அவருக்குக் கிடைக்கவே இல்லை: தன்னைவிடப் பெரிய, வேகமான, முரட்டு ஆட்களுக்கு எதிராக, பந்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு, வாரா வாரம் முழு ஆட்டம். பெஞ்சில் உட்கார்ந்து யாரும் பாயின்ட் கார்டு ஆகிவிட முடியாது. இது என் அழுத்தமான கருத்து. மறுப்பவர்கள் பிறகு என்னோடு சண்டை போடலாம்.

அதற்குப் பிறகு ஜப்பானியக் கூடைப்பந்து தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது. 2005-இல் பிஜே லீக் என்று தனியாக ஒரு தொழில்முறை லீக் தொடங்கினார்கள். கம்பெனி லீக்கும் கலையவில்லை. ஒரே நாட்டில் இரண்டு மேல்மட்ட லீக். ஒன்றை ஒன்று மதிக்கவில்லை. ஒன்றாக்குங்கள் என்று சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீபா எச்சரித்துப் பார்த்தது. கேட்கவில்லை. 2014 நவம்பரில் ஜப்பானைத் தடை செய்தது. பிறகு கால்பந்து ஜே.லீக்கை நிறுவிய சபுரோ கவபுச்சியைக் கூப்பிட்டார்கள். விளையாட்டே வேறாக இருந்தாலும் மனிதர் அசரவில்லை. முதல் டிவிஷனில் ஆட வேண்டுமா, 5,000 பேர் உட்காரும் அரங்கம் காட்டு என்று சொல்லிவிட்டார். சில மாதங்களில் சண்டை அடங்கியது. 2016 செப்டம்பர் 22 அன்று டோக்கியோ யோயோகி அரங்கில், தரை முழுக்க எல்இடி திரை பதித்த கோர்ட்டில், இரண்டு லீக்கையும் ஒன்றாக்கிய பி.லீக்கின் முதல் ஆட்டம் நடந்தது.

அன்று கவாமுராவுக்கு 15 வயது. யமகுச்சி மாநிலத்தில் கடலோர ஊரான யனாயில் நடுநிலைப் பள்ளியின் கடைசி வகுப்பு. மறு ஏப்ரலில் அவர் வீட்டை விட்டு, கடல் தாண்டி, கியூஷு தீவிலுள்ள ஃபுகுவோகா டாயிச்சி உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அவர் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்தபோது பி.லீக் தன் முதல் சீசனை முடிக்கும் தறுவாயில் இருந்தது.

டாயிச்சியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஆண்கள் அணியை 1994-இல் ஒன்றுமில்லாமல் தொடங்கி வளர்த்தவர் கோச் தகாஷி இதேகுச்சி. அவருடைய ஆட்டத்தை இரண்டே சொல்லில் அடக்கலாம்: டிஃபென்ஸ், ஃபாஸ்ட் பிரேக். கோர்ட் முழுக்க எதிராளியை நெருக்கு, பந்தைப் பறி, அவன் திரும்புவதற்குள் ஓடு. கேட்க எளிது. நாற்பது நிமிடம் செய்து பாருங்கள், தெரியும். இந்த ஆட்டத்தில் உயரம் குறைந்தவன் பாரமாக இருப்பதில்லை. தாழ்வாக ஓடும் அவன்தான் அச்சாணி.

ஜப்பானியப் பள்ளிக் கூடைப்பந்தில் இன்னொன்றும் உண்டு. பல பள்ளிகள் செனகல் போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து இரண்டு மீட்டர் உயர மாணவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. ஒரு நேரத்தில் கோர்ட்டில் ஒருவர்தான் நிற்கலாம் என்பது விதி. இது நியாயமா என்ற விவாதம் அங்கே வருடா வருடம் நடக்கிறது. நியாயமோ இல்லையோ, கவாமுராவுக்கு அது பெரிய பாடசாலை. பதினாறு வயதிலேயே நீண்ட கைகளுக்கு மேலே பந்தை எறியவும், தன் பக்கத்து உயரமான ஆளுக்குச் சரியான நொடியில் பாஸ் கொடுக்கவும் பழகிவிட்டார். பிற்காலத்தில் என்பிஏ-வில் மெம்பிஸ் அணியின் ரசிகர்களை எழுந்து நிற்க வைத்த அந்தப் பார்க்காமல் கொடுக்கும் பாஸ், காட்சிக்காகக் கற்றுக்கொண்டது இல்லை. கண் போகும் திசையில் பந்தும் போனால் நீண்ட கை அதைப் பிடித்துவிடும். அதனால் வந்த பழக்கம்.

2018-இலும் 2019-இலும் வின்டர் கப் டாயிச்சிக்கு. 2019 இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது அதே ஃபுகுவோகா நகரத்தின் ஓஹோரி பள்ளி. நாடு தழுவிய போட்டியின் இறுதியில் ஒரே ஊர்ப் பள்ளிகள் இரண்டு. 75-68 என்று டாயிச்சி வென்றது. கவாமுரா புள்ளி, ரீபவுண்டு (தவறிய பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (கூடையாகும் பாஸ்) மூன்றிலும் இரட்டை இலக்கம். ரீபவுண்டிலும்! 172 சென்டிமீட்டர் உயரத்தில்! பின்வரிசைத் தம்பிகள் இதை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

ஆனால் எனக்கு அந்தக் கோப்பையைவிட முக்கியமாகப் படுவது அதற்கு ஒரு மாதம் முன்பு தோற்ற ஓர் ஆட்டம். ஜப்பானில் பேரரசர் கோப்பையில் பள்ளி அணியும் தொழில்முறை அணியும் மோத வாய்ப்புண்டு. டாயிச்சிக்கு வாய்த்தது சிபா ஜெட்ஸ். அந்த அணியின் பாயின்ட் கார்டு யூகி தொகாஷி, 167 சென்டிமீட்டர், தேசிய அணி நட்சத்திரம். டாயிச்சி பெரிய வித்தியாசத்தில் தோற்றது. ஆனால் அந்தப் பள்ளிச் சீருடைப் பையன் 20 புள்ளிக்கு மேல் எடுத்தான். பார்த்தவர்களுக்கெல்லாம் ஒரே கேள்வி: இவன் இன்னும் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

காத்திருக்கவில்லை. பி.லீக்கில் சிறப்பு நியமன வீரர் என்று ஒரு ஏற்பாடு உண்டு. மாணவர்கள் படிப்பை விடாமலே தொழில்முறை அணியில் பதிவு செய்துகொண்டு ஆடலாம். 2020 ஜனவரியில், பள்ளிப் படிப்பு முடிவதற்கு முன்பே, கவாமுரா சானென் நியோஃபீனிக்ஸ் அணியில் சேர்ந்தார். அந்த வருடம் லீக்கிலேயே மிக மோசமாகத் தோற்றுக்கொண்டிருந்த அணி அது. சீசன் முழுக்க ஐந்தே வெற்றி. பெரிய அணிக்குப் போயிருந்தால் பையன் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பான். இங்கே முதல் ஆட்டத்திலேயே பந்து கையில். 18 வயதில், அன்றைக்கு அந்த டிவிஷனில் ஆடியவர்களிலேயே இளையவராக இறங்கினார். எதிரணி? மறுபடியும் அதே சிபா ஜெட்ஸ்.

அந்த ஏப்ரலில் டோக்காய் பல்கலைக்கழகம். அங்கே படித்துக்கொண்டே, அதே ஏற்பாட்டில் யோகோஹாமா பி-கோர்செயர்ஸ் அணிக்கும் ஆடினார். இரண்டு வருடம் போனதும் பாரிஸ் ஒலிம்பிக்கைக் கணக்கில் வைத்துக் கல்லூரியை விட்டார். ஜப்பானில் பட்டப் படிப்பைப் பாதியில் விடுவது சும்மா எடுக்கிற முடிவு இல்லை. நம் வீடுகளில் நினைத்துப் பாருங்கள்.

முதல் முழு சீசன், 2022-23. சராசரி 19.5 புள்ளி, 8.5 அசிஸ்ட். லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதும் சிறந்த புதுமுக விருதும் ஒரே ஆளுக்கு. கடைசி இடங்களில் கிடந்து பழகிய யோகோஹாமா அரையிறுதி வரை போனது.

அந்த சீசன் முடிந்ததும், 2023 ஆகஸ்டில் உலகக் கோப்பை. ஓகினாவாவில் ஃபின்லாந்துக்கு எதிராக ஜப்பான் 18 புள்ளி பின்தங்கியிருந்தது. கடைசிப் பகுதியில் இந்தப் பையன் ஆட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டான். மொத்தம் 25 புள்ளி, 98-88 வெற்றி. உலகக் கோப்பையில் ஐரோப்பிய அணி ஒன்றை ஜப்பான் வென்றது அதுவே முதல் முறை. போட்டி முடிவில் ஆசியாவில் முதலிடம் பிடித்துப் பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதியும் பெற்றார்கள். சொந்தத் தகுதியில் ஜப்பான் ஆண்கள் போனது 1976 மான்ட்ரியாலுக்குப் பிறகு இதுதான்.

பாரிஸ் என்று சொல்கிறோமே தவிர, ஆட்டம் நடந்தது லீல் நகரத்தில். எதிரே பிரான்ஸ், அவர்களுடைய நெடிய நட்சத்திரம் வெம்பன்யாமா நிற்கிறார். ஜப்பானின் என்பிஏ நட்சத்திரம் ருய் ஹச்சிமுரா வெளியேற்றப்பட்ட பிறகும் பத்து விநாடி மிச்சமிருக்கையில் ஜப்பான் நான்கு புள்ளி முன்னிலை. அப்போது பிரான்ஸின் ஸ்ட்ராசெல் மூன்று புள்ளி எறிகிறார், உள்ளே போகிறது, கவாமுரா மீது ஃபவுல் விசில். ஃப்ரீ த்ரோவும் சேர்ந்து சமன். கூடுதல் நேரத்தில் 94-90 என்று தோல்வி. கவாமுரா 29 புள்ளி. கை பட்டதா இல்லையா? படவில்லை என்பது என் கட்சி. நடுவர் என் கட்சியில் இல்லை.

அந்த செப்டம்பரில் மெம்பிஸ் கிரிஸ்லீஸ் கொடுத்தது எந்த உத்தரவாதமும் இல்லாத பயிற்சி முகாம் ஒப்பந்தம். சொந்த ஊரில் போஸ்டரில் இருந்தவர், இங்கே கடைசி நாற்காலிக்குப் போட்டி போட்டார். அக்டோபரில் அது டூ-வே ஒப்பந்தமாக மாறியது: மேலணி கூப்பிட்டால் என்பிஏ, மற்ற நாள்களில் மிசிசிப்பி மாநிலத்தின் சவுத்ஹேவனில், என்பிஏ-வுக்குக் கீழே உள்ள ஜி லீக். அக்டோபர் 25, ஹூஸ்டனில் முதல் ஆட்டம். தபுசே, யூட்டா வதனபே, ஹச்சிமுராவுக்குப் பிறகு நான்காவது ஜப்பானியர். வதனபேயும் ஹச்சிமுராவும் பள்ளி முடித்ததும் அமெரிக்கக் கல்லூரி வழியாகப் போனவர்கள். ஜப்பானியப் பள்ளி, ஜப்பானியக் கல்லூரி, பி.லீக் என்று உள்ளூர்ப் படிக்கட்டிலேயே ஏறி அங்கே போனவர் இவர் ஒருவர்தான். சீசன் முழுக்க 22 ஆட்டம். கடைசி ஆட்டத்தில் டல்லாஸுக்கு எதிராக 12 புள்ளி. 2025 கோடையில் சிகாகோ புல்ஸிடம் இன்னொரு டூ-வே ஒப்பந்தம், சீசன் தொடங்கும் முன்பே அதுவும் கைநழுவியது. படிக்கட்டு மேலே போகப் போகக் குறுகலாகத்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. 2026-27 முதல் பி.லீக் தன்னை மாற்றி அமைக்கிறது. பி.பிரீமியர் என்று மேல்மட்டம், சம்பள உச்சவரம்பு, டிராஃப்ட். அதாவது பையன் அணியைத் தேர்ந்தெடுக்க மாட்டான், அணிதான் பையனைத் தேர்ந்தெடுக்கும். கவாமுரா யோகோஹாமாவைத் தானே தேர்ந்தார். பந்து தன் கைக்கு வரும் இடமாகப் பார்த்துப் போனார். இனி வரும் 172 சென்டிமீட்டர் பையனுக்கு அந்த உரிமை இருக்காது. பலவீனமான அணி முதலில் தேர்ந்தெடுத்தால் அவனுக்கு நல்லதே நடக்கலாம். இரண்டு பாயின்ட் கார்டு ஏற்கெனவே இருக்கிற அணி எடுத்துவிட்டால் உட்கார வேண்டியதுதான். லீக் நிர்வாகம் அணிகளுக்கு இடையே சமநிலை வேண்டும் என்கிறது. புரிகிறது. எனக்குக் கவலை அந்த உட்கார்ந்திருக்கும் பையனைப் பற்றி.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். லீல் ஆட்டத்து ஃபவுலைப் பற்றி வாதிட விரும்புகிறவர்கள் வெளியே தேநீர் மேசைக்கு வாருங்கள். நன்றி, வணக்கம்.