கொல்லையில் ஒரு வானிலை நிலையம்

[காட்சி: விடிகாலை. ஈரமான கொல்லை. ஓலையிலிருந்து நீர் சொட்டுகிறது.]

நேற்று ராத்திரி நம்ம வயலில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது? நீடாமங்கலத்தில் கொட்டும், மன்னார்குடியில் தூறல்கூட இருக்காது. ஐப்பசி மழை அப்படித்தான். ஒரு ஏக்கரில் 10 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய 40,000 லிட்டர் தண்ணீர். சம்பாவுக்கு மடை திறப்பதா, வடிய விடுவதா என்று முடிவு செய்ய, நம் இடத்துக் கணக்குதான் வேண்டும்.

மழைமானி, வெப்பமானி, காற்றுமானி என்று கருவிகளை வாங்கிவிடலாம். அவற்றை எங்கே, எதில் நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

[காட்சி: மொட்டை மாடியில் பழைய டிஷ் ஸ்டாண்டு.]

நான் முதலில் எல்லாவற்றையும் இந்த ஸ்டாண்டில்தான் மாட்டினேன். சித்திரை வெயிலில் தளம் கொதிக்க, வெப்பநிலையும் தாறுமாறாக ஏறியது. காட்டியது தளத்தின் சூட்டை, ஊரின் சூட்டை அல்ல. இப்போது இங்கே காற்றுமானி மட்டும். காற்றின் திசையைச் சரியாகக் காட்ட அதை வடக்குக்கு நேராக நிறுத்த வேண்டும். வடக்கு பார்க்க போனிலுள்ள திசைகாட்டி போதும், ஆனால் இரும்புக் குழாயை விட்டு நாலடி தள்ளி நின்று பாருங்கள். பக்கத்தில் போனால் முள் ஏமாற்றும்.

[காட்சி: கொல்லை. பெயிண்ட் வாளி, பிவிசி குழாய்.]

மழைமானிக்குத் திறந்த இடம் வேண்டும். தென்னை 40 அடி என்றால் குறைந்தது 80 அடி தள்ளி. நம்ம களிமண் கோடையில் வெடிக்கும், மழையில் குழையும். வெறுமனே நட்ட கம்பம் கார்த்திகைக்குள் சாய்ந்துவிடும். அதனால் 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் குழாயை நிறுத்தி, ஜல்லியும் சிமெண்டும் கலந்து ஊற்றி, வாளியோடு மண்ணில் புதையுங்கள். தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள்.

[நெருக்கக் காட்சி: மழைமானியின் உள்ளே.]

இதோ, சீசா பலகை மாதிரி ஒரு குட்டிக் கிண்ணம். ஒரு பக்கம் நிரம்பினால் டக்கென்று சாயும், மறுபக்கம் மேலே வரும். ஒவ்வொரு சாய்வும் ஒரு கணக்கு. கருவி கோணலாக நின்றால் கணக்கும் கோணல், அதனால் மேலே ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அப்புறம் ஒரு சோதனை. மேலே மழையைப் பிடிக்கும் புனலின் வாய் என் கருவியில் 12 செ.மீ. விட்டம், பரப்பு 113 சதுர செ.மீ. 113 மில்லி தண்ணீரை ஊசித் துளை போட்ட பாட்டில் மூடி வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டால் 10 மில்லிமீட்டர் காட்ட வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் குறைத்துக் காட்டும்.

[காட்சி: வெள்ளைத் தட்டு அடுக்கு.]

வெப்பமானிக்குக் கூடு: ஆறு வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகளைக் கவிழ்த்து, மேல் தட்டைத் தவிர மற்றவற்றின் நடுவை வெட்டி, பேனாக் குழல் துண்டுகளை இடையில் கொடுத்து போல்ட் போட்டால் சரி. வெயில் படாது, காற்று ஊடாடும். தரையிலிருந்து நாலடி, நாலரை அடி உயரம்.

மாதம் ஒருமுறை புனலைத் திறந்து பாருங்கள். குளவி கூடு கட்டியிருக்கும், காக்கை எச்சமும் தென்னம்பூவும் துளையை அடைத்திருக்கும். அடைத்த மழைமானி, மழையே இல்லை என்று சொல்லும்.

[காட்சி: சுவரில் மாதக் காலண்டர்.]

நம் நாட்டு வானிலைத் துறை காலை 8:30க்குத்தான் மழைக் கணக்கை முடிக்கிறது. நாமும் அதே நேரம் எடுத்தால் ஒப்பிடச் சுலபம். எங்கள் வீட்டில் அம்மாதான் எழுதுகிறார், அந்தத் தேதிக் கட்டத்திலேயே, பால் கணக்குக்குக் கீழே.