அரிந்தெடுக்கப்பட்ட சின்னங்களும் திரும்பி வந்த நிறங்களும்

அவைத்தலைவர் அவர்களே, ஆன்றோர்களே, மாணவ நண்பர்களே, வணக்கம்.

ஒரு நாட்டின் கொடி மாறியதும் அதில் புதிதாக என்ன சேர்ந்திருக்கிறது என்றே நம் கண் தேடுகிறது. எது நீங்கியது, யார் கையால் நீங்கியது என்று கேட்டால்தான் அந்நாட்டின் அரசியல் வரலாறு பிடிபடும் என்பது என் துணிபு.

ஜெர்மனியைப் பாருங்கள். நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட லூட்சோ தன்னார்வப் படையினர் கறுப்புச் சீருடையும் சிவப்பு விளிம்பும் பொன்னிறப் பொத்தான்களும் அணிந்திருந்தனர். அந்நிறங்களைத்தான் 1832இல் ஹம்பாக் கோட்டையில் திரண்ட மக்கள் உரிமைக் குரலோடு உயர்த்தினார்கள். 1848 புரட்சியின் கொடியிலும் அவையே இருந்தன. ஆனால் 1871இல் பிஸ்மார்க் உருவாக்கிய பேரரசு, மக்களாட்சியின் சாயல் படிந்த அந்நிறங்களை ஒதுக்கிவிட்டுக் கறுப்பு, வெள்ளை, சிவப்பை வைத்துக்கொண்டது. 1919இல், முதல் உலகப்போரில் பேரரசு வீழ்ந்தபின் அமைந்த வைமர் குடியரசு பழைய மூவண்ணத்தை மீட்டபோதும், வணிகக் கப்பல்களுக்குப் பேரரசின் நிறங்களையே விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அவ்வணிகக் கொடியை வெளிநாட்டுத் தூதரகங்கள் சிலவற்றிலும் ஏற்றலாம் என்ற ஆணையால் எழுந்த பூசலில், 1926இல் பிரதமர் ஹன்ஸ் லூதர் பதவியையே இழந்தார். குடியரசை ஏற்பதா மறுப்பதா என்னும் வழக்கே அங்கு கொடியின் பெயரால் நடந்துகொண்டிருந்தது. ஆகவே, 1933இல் ஆட்சியைப் பிடித்த நாஜிகள் கறுப்பு, சிவப்பு, பொன்னை உடனே இறக்கியதில் வியப்பில்லை.

1949இல் பிளவுண்ட இரு ஜெர்மனிகளும் அதே மூவண்ணத்தை ஏற்றுக்கொண்டன. பத்தாண்டு கழித்து, 1959இல், கிழக்கு ஜெர்மனி தன் கொடியின் நடுவில் சுத்தியலையும் கவராயத்தையும் கதிர் வளையத்தையும் பொறித்துத் தன்னை வேறுபடுத்திக் காட்டியது. 1989இல் மக்கள் வீதிக்கு வந்தபோது, பலர் அந்தச் சின்னத்தைக் கத்தரித்து எறிந்துவிட்டு, நடுவில் ஓட்டை விழுந்த கொடியையே ஏந்தி நடந்தனர்.

இதற்கு முன்னோடி ஹங்கேரி. 1956 அக்டோபரில் புடாபெஸ்ட் மக்கள், சோவியத் பாணியில் அமைந்த அரசுச் சின்னத்தைத் தங்கள் கொடியிலிருந்து அரிந்தெடுத்தார்கள். சோவியத் டாங்கிகள் அந்தப் புரட்சியை நசுக்கின. ஆயினும் அதன்பின் அமைந்த அரசு, வெட்டப்பட்ட அந்தச் சின்னத்தைக் கொடியில் மீண்டும் வைக்கவில்லை. 1957 முதல் வெறும் மூவண்ணமே பறந்தது. தோற்ற மக்களுக்கு வென்ற அரசு விட்டுக்கொடுத்த ஓரிடம் அதுவென்று நான் கருதுகிறேன். 1989 டிசம்பரில் ருமேனியரும் கம்யூனிஸ்ட் தலைவர் சௌஷெஸ்கு ஆட்சியின் சின்னத்தை இப்படியே வெட்டி எடுத்தனர்.

தென்னாப்பிரிக்காவில் நிலைமை வேறு. அங்கு 1928 முதல் பறந்த கொடியின் நடுவில் மூன்று சிறு கொடிகள் இருந்தன: ஒன்று பிரிட்டனுடையது, மற்ற இரண்டும், டச்சு வழிவந்த வெள்ளையரான போயர்கள் முன்பு அமைத்திருந்த குடியரசுகளுடையவை. வெள்ளையரின் இரு பிரிவுகள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு அந்தத் துணியில் இருந்தது; பெரும்பான்மைக் கறுப்பின மக்களுக்கு அதில் ஓர் இழைகூட இல்லை. அத்தகைய கொடியில் எதை வெட்டி எடுத்து எதை மீட்பது? ஆகவே, முழுக்கவும் புதியதொரு கொடி வேண்டியிருந்தது. அந்நாட்டு அரசின் சின்னவியல் அலுவலர் பிரெடெரிக் பிரௌனெல் வரைந்த வடிவம், அனைவரும் வாக்களித்த முதல் தேர்தல் தொடங்கியபோது, 1994 ஏப்ரல் 27 அன்று ஏற்றப்பட்டது. இடைக்கால ஏற்பாடாகவே அதை ஏற்றிருந்தனர். மக்கள் அதை மனமுவந்து தமதாக்கிக்கொண்டதால், 1996 அரசியலமைப்பு அதையே நிலையாக்கியது.