அலை அடிக்காத கடல்

எல்லாருக்கும் வணக்கம். தூத்துக்குடியைப் பற்றி அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் வழக்கமாகச் சொல்கிற ஒரு புகாரிலிருந்தே தொடங்கிவிடுகிறேன். திருச்செந்தூர் போகிற வழியில் இறங்கிக் கடற்கரைக்கு வருவார்கள், ரெண்டு நிமிஷம் நிற்பார்கள், "என்னங்க, அலையே இல்லை, ஏரி மாதிரி கிடக்கு" என்பார்கள். உண்மைதான். எதிரே இலங்கை, நடுவில் மன்னார் வளைகுடாவின் சின்னச் சின்னத் தீவுகள், அதைச் சுற்றிப் பவளப்பாறை. இத்தனையையும் தாண்டிக் கரைக்கு வருவதற்குள் அலை சோர்ந்துவிடுகிறது. ஆழமும் கிடையாது. இந்த ஊரின் கதை முழுக்க அந்த ஆழமில்லாத கடலிலிருந்துதான் வந்தது, அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் முத்து. சிப்பி வளர்கிற பார்களும், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளும், ஆள் மூச்சடக்கிப் போய்வரக்கூடிய ஆழமும் இங்கே இருந்ததால்தான் முத்துக்குளித்தல் நடந்தது. ஆனால் அந்தக் காலத்து முத்துத் துறைமுகம் தூத்துக்குடி இல்லை, கொற்கை. பாண்டியர்களின் துறைமுகம். அங்கே முத்துக் குளிக்கத் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்று சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு ஒன்று சொல்கிறது, நம் இலக்கியங்கள் முத்தின் அழகைச் சொன்ன அளவுக்கு இதைச் சொல்லவில்லை. இன்று கொற்கைக்குப் போனால் கடலைத் தேட வேண்டும். வயல், வாழை, ஒரு பழைய வன்னி மரம், அவ்வளவுதான். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் பல கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. கடல் நகர நகரத் துறைமுகமும் பின்னாலேயே போனது. கொற்கைக்கு அப்புறம் மார்க்கோ போலோ பார்த்த காயல், அதற்கு அப்புறம் புன்னைக்காயல், கடைசியில் ஆற்று முகத்திலிருந்து கொஞ்சம் தள்ளியிருந்த தூத்துக்குடி. வண்டலுக்குத் தப்பியதுதான் எங்கள் ஊருக்கு அடித்த யோகம்.

1530-களில் போர்ச்சுகீசியர்கள் வந்தார்கள். முத்துக் கடலுக்காக நடந்த சண்டையில், இந்தக் கரையில் மீன்பிடித்தும் முத்துக்குளித்தும் வாழ்ந்த பரதவர்கள் கொச்சிக்கு ஆள் அனுப்பி அவர்களிடம் பாதுகாப்புக் கேட்டார்கள், கூடவே மதமும் மாறினார்கள். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். இன்றைக்கும் பர்னாந்து, மச்சாது, மோத்தா, ரோட்ரிகோ என்று பெயர் வைத்துக்கொண்டு சுத்தமான கடற்கரைத் தமிழ் பேசுகிறவர்களை இங்கே தெருவுக்குத் தெரு பார்க்கலாம். சாவி, அலமாரி, ஜன்னல், மேசை எல்லாம் போர்ச்சுகீசியச் சொற்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், எங்களுக்குக் குடும்பப் பெயரும் சேர்ந்து வந்தது. 1658-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். இப்போது இருக்கிற பனிமய மாதா கோயில் 1713-இல் கட்டி முடிந்தது என்றால், கத்தோலிக்கரைப் பிடிக்காத டச்சு ஆட்சியில் கட்டப்பட்ட கத்தோலிக்கக் கோயில் அது என்பதைக் கவனியுங்கள். ஜூலை 26-ஆம் தேதி கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருவிழா. அந்தப் பதினோரு நாளும் மதம் பார்க்காமல் ஊரே அங்கேதான் இருக்கும். தங்கத்தேர் வருடாவருடம் ஓடாது, சிறப்பான ஆண்டுகளில் மட்டும்தான். ஓடுகிற வருடம் வந்தால் லீவு போட்டுவிட்டு வாருங்கள்.

சரி, கப்பலுக்கு வருவோம். கடல் ஆழமில்லை என்றேன் அல்லவா, அதனால் பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். பஞ்சு மூட்டையையும் ஆட்களையும் தோணியில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோக வேண்டும். 1876-இல் ரயில் வந்த பிறகு சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் இங்கே இறங்கித்தான் கப்பலேறினார்கள். போட் மெயில் என்ற பெயர் அப்படி வந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் அந்தப் போக்குவரத்து தனுஷ்கோடிக்குப் போய்விட்டது.

கொழும்புக் கப்பலில் அவ்வளவு கூட்டம், அவ்வளவு பணம், எல்லாம் பிரிட்டிஷ் கம்பெனியின் கையில். இதைப் பார்த்துக்கொண்டு இந்த ஊரில் வக்கீலாக இருந்தவர்தான் ஒட்டப்பிடாரத்துக்காரரான வ.உ.சி. 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். பங்கு ஒன்று 25 ரூபாய். காலியா, லாவோ என்று ரெண்டு கப்பலை வாங்கிக் கொழும்புக்கு ஓட்டினார். எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய்க் கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். கப்பலோட்டிய தமிழன் என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம், எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 1908-இல் கோரல் மில் என்ற நூற்பாலையில் நடந்த வேலைநிறுத்தம். சுப்பிரமணிய சிவாவும் அவரும் தொழிலாளிகளோடு நின்று கூலி உயர்வும் வார விடுமுறையும் வாங்கிக் கொடுத்தார்கள். அதே வருடம் மார்ச் 12-இல் கைது, அப்புறம் சிறை, செக்கு. அவர் உள்ளே இருக்கும்போதே கம்பெனி மூழ்கிவிட்டது, காலியா கப்பலை அந்த எதிரிக் கம்பெனிக்கே விற்றார்கள். 1936-இல் இதே தூத்துக்குடியில்தான் கண் மூடினார். பெரிய துறைமுகத்துக்கு அவர் பெயர் வைத்தது 2011-இல்.

அந்தத் துறைமுகம் 1974-இல்தான் பெருந்துறைமுகம் ஆனது. கடலுக்குள் நீளமாகக் கல் கொட்டிச் சுவர் கட்டி, ஆழப்படுத்திச் செய்தது. அது புதுத் துறைமுகம், உள்ளே சும்மா போய்ச் சுற்ற முடியாது. நீங்கள் பார்க்க வேண்டியது ஊருக்குள் இருக்கிற பழைய துறைமுகத்தை. மரத்தோணிகள் இன்னும் அங்கேயிருந்துதான் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகின்றன.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். அலையைத் தடுத்த பவளப்பாறையை நாங்களே பல வருடம் வெட்டிச் சுண்ணாம்புக்கு எரித்தோம், வீட்டுக்குக் கல்லாக வைத்தோம். ஊருக்கு எதிரே இருந்த விலாங்குச்சல்லித் தீவு கடலுக்குள் போய்விட்டது. வான் தீவும் தேய்ந்தது, அங்கே இப்போது செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். 1986-இல் 21 தீவுகளையும் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். முத்துக்குளித்தல் 1961-ஓடு நின்றுவிட்டது. முத்து நகர் என்ற பெயர் மட்டும் ரயிலில் ஓடுகிறது.

முத்து போனாலும் உப்பு இருக்கிறது. சமமான தரை, சுள்ளென்ற வெயில், குறைந்த மழை. தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி இந்த மாவட்டத்து உப்பளங்களில் விளைகிறது. பாத்தியில் உப்பு வாருகிறவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் காலையிலேயே போக வேண்டும், வெயில் ஏறினால் அந்த வெள்ளையில் உங்களால் கண்ணைத் திறக்க முடியாது. அவர்கள் அதிலேதான் வருடக்கணக்காக நிற்கிறார்கள். படம் எடுக்கும்முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் முயல் தீவு, ராத்திரி எண்ணெய்ப் பரோட்டா, இதையெல்லாம் ஆட்டோக்காரரே சொல்லிவிடுவார். கிளம்பும்போது மக்ரூன் வாங்குவீர்கள். முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, இவ்வளவுதான் சேர்மானம். நன்றாக நுரைக்க அடித்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, மெதுவான சூட்டில் நேரமெடுத்துக் காயவைப்பார்கள். டப்பா மூடியை மட்டும் இறுக்கி மூடிக்கொள்ளுங்கள், இந்தக் கடல் காற்றில் மணியாச்சி தாண்டுவதற்குள் நமுத்துவிடும்.