வரைந்ததை எடுத்துக்கொண்டு திரும்பிப் போங்கள்

(வெள்ளவத்தையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து காலி வீதியால் வந்தவர்கள் வழியில் ஒரு பாலத்தைக் கடந்திருப்பீர்கள். கீழே போவது வெள்ளவத்தைக் கால்வாய். அந்தத் தண்ணீர் எந்தெந்த வீட்டுக் கோடியிலிருந்து வருகிறது, கடலுக்குப் போக வழியில்லாத நாளில் யார் வீட்டுக்குள் திரும்பிப் போகிறது? எங்கள் பாடம் அந்தக் கேள்வியில் தொடங்குகிறது.

நான் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பது சமுதாயத் திட்டமிடலும் சூழல் வடிவமைப்பும். "அது கட்டடக்கலையா, பொறியியலா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். வீடு எங்கே, ஒழுங்கை எங்கே, மழைத் தண்ணீர் நிற்க இடம் எங்கே, பிள்ளைகள் ஓடி விளையாட நிலம் எங்கே என்று அங்கே வாழ்கிறவர்களோடு சேர்ந்து முடிவெடுக்கிற படிப்பு என்பேன். அதிலே "சேர்ந்து" என்ற ஒரு சொல்லைக் கற்பிக்கத்தான் எனக்கு இத்தனை வருடம் பிடித்தது. வரைபடம் வரைவதைக் கணினியே சொல்லிக்கொடுத்துவிடும்.

முதல் வகுப்பிலேயே ஒரு சொல்லைத் திருத்த வேண்டியிருக்கிறது. அறிக்கையில் "சேரி" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். நான் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கொழும்பில் அங்கே வாழ்கிறவர்கள் அதைத் தோட்டம் என்கிறார்கள், சிங்களத்தில் வத்த. நாம் உட்கார்ந்திருக்கும் வெள்ளவத்தையிலும் அதே வத்தைதான் இருக்கிறது. ஒருவர் தன் இடத்தை எப்படி அழைக்கிறாரோ அப்படி அழைக்கத் தெரியாதவனுக்கு அங்கே ஒரு கானை, ஒரு வடிகாலைக்கூட வரைய உரிமையில்லை என்பது என் எண்ணம்.

2016 மே மாதம் களனி கங்கை பெருகி, கொழும்பை அடுத்த கொலன்னாவைப் பகுதி நாட்கணக்காகத் தண்ணீருக்குள் கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் கால்வாயோரத் தோட்டமொன்றை என் மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் போய் அளந்தார்கள், படிவம் நிரப்பினார்கள். திரும்பி வந்து கால்வாய்க் கரை நெடுக ஒரு தடுப்புச் சுவர் வரைந்தார்கள். சுவரின்மேல் நடைபாதை, மரங்கள், வாங்குகள். பார்க்க மிக அழகு. பழைய முறைப்படி என்றால் நான் நல்ல புள்ளி போட்டிருப்பேன், அதோடு கதை முடிந்திருக்கும்.

ஆனால் அந்தத் தடவை, "இதை எடுத்துக்கொண்டு திரும்பிப் போங்கள், நானும் வருகிறேன்" என்றேன். ஒரு வீட்டின் முன் அறையில் படத்தை விரித்தோம். அந்த வீட்டு அம்மா படத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றினார். பின்னால், இடுப்பளவு உயரத்தில், மண்ணிறக் கோடு ஒன்று.

"தம்பி, எங்களுக்குத் தண்ணி வாசலால வந்து இவ்வளவு ஏறல்ல. முதல்ல கானால வந்திச்சு. பிறகு கக்கூசுக் குழியால பொங்கிச்சு. நீங்க சுவர் கட்டினா அது வெளிய போறது எப்பிடி?"

கால்வாயின் நீர்மட்டம் கானின் வாயைவிட உயர்ந்துவிட்டால், தண்ணீர் கான் வழியே பின்னோக்கி ஏறும். அந்த வாயில் ஒருபக்கம் மட்டும் திறக்கிற கதவு வேண்டும். உள்ளே சேரும் மழைநீரை இறைத்துவிட வழி வேண்டும். இவை இல்லாமல் சுவரை மட்டும் எழுப்பினால் தோட்டம் தொட்டியாகிவிடும். பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான், என் மாணவர்கள் படித்தும் இருந்தார்கள். ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் அது அவர்களுக்கு விளங்கியது. அன்றிரவே சுவரை அழித்து, கானிலிருந்து மீண்டும் வரையத் தொடங்கினார்கள்.

இது புதிய ஞானம் ஒன்றுமில்லை. 1921இல் ஸ்கொட்லாந்து நகரத் திட்டமிடலாளர் பற்றிக் கெடிஸ் கொழும்புக்கு நகரத் திட்ட அறிக்கை எழுதினார். அவர் அடிப்படையில் உயிரியல் அறிஞர். மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதுபோல நகரை முதலில் நடந்து பார், பிறகு தேவையான இடத்தில் மட்டும் கத்தி வை என்பது அவர் வழி. 1984இல் அரசின் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் வந்தபோது, கொழும்புத் தோட்டங்களில் மக்களே செயலமர்வில் உட்கார்ந்து ஒழுங்கையின் அகலத்தையும் காணியின் எல்லையையும் பேசித் தீர்த்தார்கள். 2 பேர்ச், அதாவது சுமார் 50 சதுர மீற்றர் துண்டில்கூட வீடு எழுந்தது. கானும் நடைபாதையும் கட்டும் வேலை சில இடங்களில் வெளி ஒப்பந்தக்காரருக்குப் போகாமல் அந்தத் தோட்டத்துச் சபைக்கே கொடுக்கப்பட்டது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இன்றும் அதைப் பாடமாக வைத்திருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கோ அது பரீட்சைக்கு ஒரு பந்தி.

கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கொலன்னாவைப் பக்கத்து மீதொட்டமுல்லையைச் சொல்ல வேண்டும். சதுப்பு நிலத்தில் குப்பை மலையாகக் குவிந்தது. சுற்றியிருந்தவர்கள் வருடக்கணக்காக முறையிட்டார்கள், வீதிக்கு இறங்கினார்கள். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளன்று மலை சரிந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். சூழல் வடிவமைப்பு என்றால் பூங்கா அமைப்பது என்று நினைத்துக்கொண்டு வரும் மாணவருக்கு நான் இதைத்தான் முதலில் சொல்கிறேன். அடுத்த வருடம், 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், கொழும்பு உலகின் முதல் 18 ஈரநில நகரங்களில் ஒன்றாக அங்கீகாரம் பெற்றது. பெருமைதான். மழைவெள்ளத்தைத் தாங்கிக்கொள்ள இந்த நகரிடம் இருக்கும் பெரிய பாத்திரம் அந்த ஈரநிலங்களே. ஆனால் அவற்றை நிரப்பக் கொட்டும் ஒவ்வொரு லொறி மண்ணும் அந்தப் பாத்திரத்தைச் சிறிதாக்குகிறது.

இப்போது என் வகுப்பில் புள்ளியிடும் முறையை மாற்றிவிட்டேன். இறுதிப் படத்துக்குப் பாதி. வரைந்ததை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனபோது எது மாறியது, யார் சொல்லி மாறியது என்று எழுதுவதற்கு மறுபாதி. "மாத வருமானம் எவ்வளவு?" என்ற கேள்வியையும் எடுத்துவிட்டோம். நாள்கூலிக்காரரிடம் அதற்குப் பதில் இல்லை. "நேற்று எதற்கெல்லாம் செலவழித்தீர்கள்?" என்று கேட்டால் அரிசியிலிருந்து தண்ணீர் பில் வரை வந்துவிடும்.

இன்னொன்று, மொழி. படிவம் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது, சிங்களத்தில் கேட்கப்படுகிறது, தமிழ் வீட்டில் தலையாட்டலாகப் பதிவாகிறது. தமிழ் பேசும் மாணவர் ஒருவர் குழுவில் இருந்தால் அந்த வீட்டின் குரலே வேறு. பிள்ளைகளை மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் அனுப்புகிற பெற்றோரே, ஒருவரையாவது இந்தப் பக்கம் அனுப்புங்கள் என்று நான் உரிமையோடு கேட்கிறேன்.

உங்களிடம் வேறொரு உதவியும் வேண்டும். இந்தக் கால்வாயோரம் நாற்பது, ஐம்பது வருடம் இருந்தவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். எந்த வருடம் தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று உங்களுக்குத் தெரியும். பழைய அல்பத்தில் படமும் இருக்கும். அடுத்த தவணை என் மாணவர்கள் உங்கள் ஒழுங்கைக்கு வருவார்கள். கதவைத் திறந்து ஒரு மணி நேரம் கொடுங்கள். பின்னர் படத்தோடு மறுபடியும் வருவார்கள், அப்போதும் திறவுங்கள்.

நன்றி, வணக்கம்.