பத்தும் இரண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

போக்கர் கற்றுக்கொள்வது பற்றிப் பேச வாருங்கள் என்று அழைத்தபோது, "பெரியவர்கள் ரேடியோவை அணைத்துவிட மாட்டார்களா?" என்றுதான் முதலில் கேட்டேன். சீட்டு என்றாலே நம் வீடுகளில் சொத்தை அழித்த ஒரு மாமாவின் கதை வந்துவிடும். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவதற்கும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புளியங்கொட்டை வைத்து ஆடுகிறோம். ஆட்டம் முடிந்ததும் கொட்டையெல்லாம் டப்பாவுக்குப் போய்விடும்.

மூணு சீட்டு தெரிந்தவர்களுக்குப் பாதி போக்கர் தெரிந்த மாதிரிதான். டெக்சஸ் ஹோல்டம் என்ற வகையில் கையில் இரண்டு சீட்டு, மேஜையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. அந்த ஐந்தில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று என்று திறப்பார்கள். நடுநடுவே பந்தயம். இதைக் கற்க அரை மணி நேரம் போதும். முன்னேறுவதுதான் பாடு.

செஸ்ஸில் தப்பாக நகர்த்தினால் குதிரை போய்விடும், தப்பு அங்கேயே தெரியும். இங்கே உங்கள் கையில் இரண்டு ஏஸ், எதிராளி கையில் இரண்டு ராஜா. இருக்கிற கொட்டையெல்லாம் கட்டுகிறீர்கள். அதைவிடச் சரியான ஆட்டம் கிடையாது. ஆனாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை தோற்பீர்கள். பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கட்டி அள்ளிக்கொண்டு போவார். சரியாகப் போட்டவன் தலையில் குட்டிவிட்டு, தப்பாகப் போட்டவனுக்கு மிட்டாய் தருகிற வாத்தியாரிடம் படிப்பது மாதிரி.

டாயில் பிரன்சன் என்ற டெக்சஸ்காரர் 1976லும் 1977லும் லாஸ் வேகாஸில் வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கரின் முதன்மைப் போட்டியை வென்றார். ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பதை ஒரு கை என்பார்கள். இரண்டு வருடமும் கடைசிக் கையில் அவரிடம் இருந்தது பத்தும் இரண்டும். புதிதாக ஆட வருபவரிடம், யோசிக்காமல் கீழே போடு என்று சொல்லித்தருகிற சீட்டு அது. இன்றும் அந்த ஜோடிக்கு அவர் பெயர்தான். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, பத்தும் இரண்டும் வந்தால் விடவே மாட்டேன் என்பவர் எங்கள் குழுவிலும் ஒருவர் உண்டு. அநேகமாக அவர்தான் முதலில் கொட்டை காலியாகி, எல்லோருக்கும் காபி போட எழுந்து போவார். பிரன்சன் அப்படிக் கற்கவில்லை. கணக்குப் போட்டுத்தர கணினி இல்லாத காலத்தில் அவரும் கூட்டாளிகளும் சீட்டைக் கையாலேயே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, எந்த ஜோடி எதை எத்தனை தடவை ஜெயிக்கிறது என்று எண்ணினார்கள்.

எனக்கு அந்தப் பொறுமை இல்லை. நான் வீடியோ பார்த்தேன். தொடக்கச் சீட்டு ஜோடிகள் 169 வகை. எந்த இடத்தில் உட்கார்ந்தால் எதை ஆடலாம் என்று வண்ணக் கட்டம் போட்ட அட்டவணைகள் கிடைக்கும். உருப்போட்டேன், தோற்பது குறையவில்லை. அந்த அட்டவணை, மிரட்டினால் யோசித்துவிட்டு ஒதுங்குகிற தேர்ந்த ஆட்டக்காரர்களை வைத்துப் போட்டது. எங்கள் மேஜையிலோ மூன்று பேர் எதற்கும் ஒதுங்க மாட்டார்கள். அவர்களிடம் பிளஃப் செய்வது, அதாவது நல்ல சீட்டு இருப்பதுபோல் கட்டி மிரட்டுவது, சுவரிடம் ரகசியம் சொல்வது மாதிரி.

அப்புறம்தான் அனெட் ஒப்ரெஸ்டாட் கதை தெரியவந்தது. நார்வேப் பெண். 2007ல், பத்தொன்பது வயது நிறைய ஒரு நாள் இருக்கும்போது, லண்டனில் நடந்த வேர்ல்டு சீரிஸ் ஐரோப்பியப் போட்டியை ஜெயித்தவர். அதே வருடம் 180 பேர் ஆடிய ஒரு சின்ன ஆன்லைன் போட்டியைத் தன் சீட்டைத் தானே பார்க்காமல் மறைத்துவைத்துக்கொண்டு ஆடி வென்றார். ஒரே ஒரு கையில் மட்டும் எட்டிப் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். சீட்டு தெரியாவிட்டால் கண் எங்கே போகும்? எதிராளி எவ்வளவு கட்டுகிறார், எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதில்தான். நானும் ஒரு ஞாயிறு அப்படி ஆடினேன். படுதோல்வி. ஆனால் நல்ல சீட்டு வந்தால் ஒரு நண்பர் தன் கொட்டையை அடுக்க ஆரம்பிப்பார் என்று தெரிந்தது. இரண்டு வருடமாக எதிரில் உட்கார்ந்திருக்கிறார், அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

2017 ஜனவரியில் பிட்ஸ்பர்கில் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் 20 நாளில் 1,20,000 கை ஆடியது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது. நால்வரும் பகலில் அதனிடம் ஓட்டை தேடுவார்கள், ராத்திரி கூடிப் பேசுவார்கள். அதுவும் ராத்திரி சும்மா இருக்காது. எதிராளிகளின் பலவீனத்தைத் தேடியிருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். அது பார்த்தது தன் ஓட்டைகளை. அன்றைக்கு இவர்கள் எங்கெல்லாம் குடைந்தார்களோ, அந்த இடங்களைக் கணக்குப் போட்டு அடைத்துக்கொண்டது. கடைசியில் தெளிவாக ஜெயித்தது.

இதைப் படித்த பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ராத்திரி உட்கார்ந்து, எனக்கு உறுத்திய இரண்டு மூன்று கைகளை மட்டும் எழுதுவேன். ஜெயித்தேனா தோற்றேனா என்று எழுதுவதில்லை. மரியா கொனிக்கோவா என்ற உளவியல் அறிஞருக்குப் போக்கர் சொல்லிக்கொடுத்த எரிக் சைடலும் இப்படித்தான். நல்ல சீட்டை வைத்துக்கொண்டும் தோற்றேன் என்ற புலம்பலைக் கேட்கவே மாட்டாராம். ஏன் அப்படி ஆடினாய் என்பதுதான் அவருக்கு வேண்டும்.

போன வாரத்துப் பக்கத்தைச் சொல்கிறேன். மேஜை நடுவில் நூறு கொட்டை. நண்பர் இன்னும் நூறு கட்டினார். என் கையிலும் மேஜையிலுமாக நான்கு ஆட்டின், அதாவது இதயம் போட்ட சீட்டு. ஐந்தாவது வந்தால் பிளஷ், ஒரே இனத்தில் ஐந்து. திறக்க ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி. நான் பார்க்காத 46 சீட்டில் ஆட்டின் ஒன்பது, அதாவது ஐந்தில் ஒரு வாய்ப்பு. நூறு போட்டால் மொத்தம் முந்நூறு. மூன்றில் ஒரு வாய்ப்பாவது இருந்தால்தான் கட்டுப்படியாகும். நண்பரிடம் மிச்சம் இருந்த ஐம்பதையும் பிறகு பிடுங்கிவிடலாம் என்று சேர்த்துப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது. நான் போட்டேன். ஆட்டின் ஏழு விழுந்தது. முந்நூறையும் இரண்டு கையாலும் வாரினேன், பக்கத்திலிருந்தவர் முதுகில் தட்டினார்.

நோட்டில் அந்தக் கைக்கு நேரே "தப்பு" என்று எழுதியிருக்கிறேன்.

வணக்கம்.